புனைமொழியில் இடக்கைக்கும் வலக்கைக்கும் என்ன பெயர் வைப்பது?

ஆற்றுமொழியன் (கேள்வி)

வணக்கம். கற்பனையான ஒரு மக்கள் கூட்டத்துக்காக இரண்டு ஆண்டுகளாக ஒரு மொழியைப் புனைந்து வருகிறேன். ஏறக்குறைய 1,200 சொற்கள் சேர்ந்துவிட்டன. வேற்றுமை உருபுகளும் வினைத் திரிபுகளும் ஓரளவு நிலைபெற்றுவிட்டன. ஆனாலும் உடலுறுப்புப் பட்டியலில் இரண்டு சொற்கள் மட்டும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. வலக்கைக்குச் 'சரே' என்றும் இடக்கைக்குத் 'தில்' என்றும் தொடக்க நாள்களிலேயே, ஓசையை மட்டும் பார்த்துப் பெயர் வைத்துவிட்டேன். அண்மையில் "இடக்கையால் துடுப்பைப் பிடித்துக்கொண்டு படகை வலப்பக்கம் திருப்பு" என்பதை அந்த மொழியில் எழுதிப் பார்த்தபோது, நம்முடைய வாக்கியத்துக்கு வேறு சட்டை மாட்டியதைப்போல இருந்ததே தவிர, அந்த மக்கள் பேசுவதாகத் தோன்றவில்லை.

அவர்களைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். ஒரே பேராற்றின் இரு கரைகளிலும் அவர்கள் வாழ்கிறார்கள். எல்லா வீடுகளின் வாயிலும் ஆற்றைப் பார்த்தபடி இருக்கும். வடக்கு, தெற்கு என்ற கருத்து அவர்களிடம் இல்லை. ஆறு வரும் பக்கம் 'தீல', ஆறு போகும் பக்கம் 'கசு', அவ்வளவுதான். கைக்குப் 'பேத்' என்று பெயர். நீண்ட உயிர் வரும் முதல் அசையில் அழுத்தம் விழும். அழுத்தம் பெறாத அசைகள் நாளடைவில் தேய்ந்துபோகும்.

என் ஐயங்கள் மூன்று. இரண்டு கைகளுக்கும் தொடர்பில்லாத இரண்டு வேர்கள் வேண்டுமா, அல்லது ஒன்றிலிருந்து மற்றொன்றை ஆக்கலாமா? வலக்கையை உயர்வாகவும் இடக்கையைத் தாழ்வாகவும் காட்டித்தான் ஆக வேண்டுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, ஆற்றை வைத்தே திசை சொல்லும் மக்களுக்கு இந்த இரண்டு சொற்களும் தேவைப்படுமா?

வேர்ச்சொல் (மறுமொழி)

ஆற்றுமொழியன் அவர்களுக்கு வணக்கம். உங்கள் சொற்கள் உயிரற்றுத் தோன்றுவதற்குக் காரணம், அவை இரண்டும் ஒரே நாளில் பிறந்து, ஒரே வயதுடையவையாக, ஒன்றுக்கொன்று எதிரில் விறைப்பாக நிற்பதுதான் என்று எனக்குப் படுகிறது. இயற்கை மொழிகளில் இந்த இணை அப்படி நிற்பது அரிது. பெரும்பாலும் ஒன்று கிழவன், மற்றொன்று நேற்று வந்தவன்.

வலத்தைக் குறிக்கும் சொல் பொதுவாகப் பழையது. வலிமை, செம்மை, நலம் ஆகிய பொருள்களோடு உறவுடையது. நம் 'வல' என்பதற்கும் 'வலிமை'க்கும் உள்ள உறவை விளக்க வேண்டியதில்லை. அங்கேரியில் 'யோப்' என்பது வலம். 'மேலானது' என்பதும் அதே சொல். பின்னிஷ் மொழியில் 'ஓய்கெயா' வலத்தையும் சரியானதையும் குறிக்கும். துருக்கியில் 'சா' என்றால் வலம், நலமாக உயிரோடிருத்தல் என இரு பொருள். சுவாகிலியோ கையின் வேலையையே பெயராக்கிவிட்டது: 'ம்கோனோ வா குலியா' என்பதற்கு உண்பதற்கான கை என்பது நேர்ப்பொருள்.

இடப்பக்கத்தைக் குறிக்கும் சொல்லின் கதை இதைவிடச் சுவையானது. இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் சமஸ்கிருதத்தின் 'தக்ஷிண', கிரேக்கத்தின் 'தெக்சியோஸ்', இலத்தீனின் 'தெக்ஸ்தெர்', லிதுவேனியத்தின் 'தெஷினே' ஆகியவை ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கடந்தும் ஒரே வேரிலிருந்து வந்த உடன்பிறப்புகளாகவே இருக்கின்றன. ஆனால் இடத்துக்கு மொழிக்கொரு சொல்லாகச் சிதறிக் கிடக்கிறது. தீக்குறியாகக் கருதப்பட்ட பக்கத்தின் பெயரை வாயால் சொல்லத் தயங்கியவர்கள் அதை மாற்றிக்கொண்டே வந்தார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். கிரேக்கர்கள் இடத்தை 'அரிஸ்தெரோஸ்', அதாவது மிக நல்லது என்னும் சொல்லோடு உறவுடைய பெயரால் அழைத்தார்கள். அது போதாதென்று 'எவோனுமோஸ்', அதாவது நற்பெயர் கொண்டது என்றும் சொன்னார்கள். பழைய நோர்சு மொழியின் 'வின்ஸ்திரி' நட்பைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. நன்னூலார் இவற்றைப் பார்த்திருந்தால் 'மங்கலம்' என்று ஒரே சொல்லில் வகைப்படுத்திவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போயிருப்பார். ஸ்பானியமோ தான் இலத்தீனிடமிருந்து பெற்ற பழைய சொல்லைத் தீய பொருளுக்கு ஒதுக்கிவிட்டு, பாஸ்க்கு மொழியின் 'எஸ்கெர்' என்பதோடு உறவுடைய 'இஸ்கியெர்தோ'வை இடத்துக்கு வைத்துக்கொண்டது.

ஆகவே என் யோசனை இது. 'சரே' அப்படியே இருக்கட்டும். அதன் வேர் என்னவென்று அந்த மக்களுக்கே தெரியாத அளவுக்குப் பழையதாக வைத்துக்கொள்ளுங்கள். 'தில்' வழக்கிழந்துவிட்டதாகக் கொண்டு, ஏதேனும் ஒரு தொகைச்சொல்லில் மட்டும், பொருள் மறந்த நிலையில், அதை ஒட்டிக்கொண்டிருக்க விடுங்கள். அதன் இடத்தில் எவருக்கும் பொருள் புரியும் ஒரு புதுச்சொல்லை, 'நட்புக்கை' என்பதைப்போல, கொண்டுவாருங்கள்.

ஒன்றிலிருந்து மற்றொன்றை ஆக்குவதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1887-இல் வெளியான எஸ்பெராண்டோ என்னும் புனைமொழியில் அதைத்தான் செய்தார்கள். அங்கே வலம் 'தெக்ஸ்த்ரா'. அதன் முன் எதிர்ப்பொருள் தரும் ஒட்டைச் சேர்த்தால் இடம் 'மல்தெக்ஸ்த்ரா'. மனப்பாடம் செய்ய எளிது என்பது உண்மைதான். ஆனால் இடக்கையை 'வலமல்லாத கை' என்று ஒரு மொழி அழைத்தால், அது அந்த மக்களின் மனப்போக்கைப் பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறது. 1907-இல் அதிலிருந்து பிரிந்த இடோ, இடத்துக்குச் 'சினிஸ்த்ரா' என்று தனிச்சொல்லை எடுத்துக்கொண்டதையும் பாருங்கள்.

திசைகாட்டி (மறுமொழி)

வேர்ச்சொல் அவர்கள் சொன்னவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் மூன்றாவது கேள்வியைத் தொடாமலே போய்விட்டார். எனக்கோ அதுதான் முதல் கேள்வியாகத் தோன்றுகிறது. ஒரு கைக்குப் பெயர் இருப்பது வேறு, அந்தக் கை இருக்கும் பக்கத்துக்கு எல்லாம் அந்தப் பெயர் பரவுவது வேறு. நாம் 'வலக்கை' என்றும் சொல்கிறோம், 'மரத்துக்கு வலப்பக்கம்' என்றும் சொல்கிறோம். இந்த இரண்டாவது தாவலைச் செய்யாத மொழிகள் உலகில் இருக்கின்றன.

ஆஸ்திரேலியாவின் வடகிழக்கில் பேசப்படும் கூகு யிமிதிர் என்னும் மொழியை ஜான் ஹாவிலண்டும் ஸ்டீபன் லெவின்சனும் விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். ('கங்காரு' என்னும் சொல்லை உலகுக்குத் தந்த மொழி அது.) அங்கே பொருள்கள் இருக்கும் இடத்தை நம்மைப்போல இடம், வலம் என்று சொல்வதில்லை, நான்கு திசைகளால்தான் சொல்கிறார்கள். நம் காலில் எறும்பு ஏறினாலும் அது 'தெற்குக் காலில்' ஏறியதாகவே சொல்லப்படும். நாம் திரும்பி நின்றால் அதே கால் வடக்குக் கால் ஆகிவிடும். மெக்சிகோவின் சியாபாசு மலைப்பகுதியில் பேசப்படும் ட்செல்தால் மொழியில் மேட்டுப்பக்கம், பள்ளப்பக்கம் என்னும் பாகுபாடு திசைக்குப் பயன்படுகிறது. அதிலும் இடக்கைக்கும் வலக்கைக்கும் சொற்கள் உண்டு. ஆனால் அவை கையோடு நின்றுவிடுகின்றன. மரத்துக்கோ வீட்டுக்கோ போவதில்லை. மேற்கு, கிழக்கு என்னும் நம் சொற்களுக்குள்ளும் மேலும் கீழும் இருப்பதை எண்ணிப் பார்த்தால் இது நமக்கு அவ்வளவு அயலானதன்று.

ஆகவே உங்கள் மக்கள் "படகை வலப்பக்கம் திருப்பு" என்று சொல்லவே மாட்டார்கள் என்பது என் கருத்து. "படகைத் தீலவுக்குத் திருப்பு" அல்லது "கரைக்குத் திருப்பு" என்பார்கள். உங்கள் வாக்கியத்தின் இரண்டாம் பாதி நெருடியதற்கு இதுவே காரணம். முதல் பாதியில் உள்ள கை மட்டுமே உண்மையில் பெயர் கேட்கிறது.

அந்தப் பெயரையும் ஆற்றிலிருந்தே எடுக்கலாம். திசையும் கையும் ஒரே சொல்லில் கலப்பது மிகப் பரவலான வழக்கம். ஒரு மக்கள் எந்தத் திசையைப் பார்த்து நின்று உலகைப் பெயரிட்டார்கள் என்பது அதிலிருந்து வெளிப்பட்டுவிடும். கிழக்கைப் பார்த்து நின்றவர்களுக்குத் 'தக்ஷிண' வலமும் ஆயிற்று, தெற்கும் ஆயிற்று. எபிரேயத்தில் வலத்தைக் குறிக்கும் 'யாமின்' என்பதோடு தெற்கைக் குறிக்கும் 'தெய்மான்' உறவுடையது. வெல்ஷ் மொழியில் 'தெ' என்பது வலம், தெற்கு இரண்டுமே. மங்கோலியர்கள் தெற்கைப் பார்த்து நின்றதால் அவர்களுடைய 'சூன்' இடமும் கிழக்கும் ஆனது. ஹவாய் மொழியில் 'ஆகாவ்' வலத்தையும் வடக்கையும், 'ஹேமா' இடத்தையும் தெற்கையும் குறிக்கின்றன. அவர்கள் பார்த்தது மேற்கை. புனைமொழிகளிலும் இதற்கு முன்னோடி உண்டு: டோல்கீன் ஆக்கிய குவென்யாவில் வடக்கைக் குறிக்கும் 'ஃபோர்மென்' வலக்கைப் பக்கம் என்றும், தெற்கைக் குறிக்கும் 'ஹ்யார்மென்' இடக்கைப் பக்கம் என்றும் பொருள்படும், ஏனென்றால் அந்த மொழியாரும் மேற்கையே நோக்கி நின்றார்கள்.

உங்கள் மக்கள் எதைப் பார்த்து நிற்கிறார்கள் என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள்: வீட்டு வாயிலில் நின்று ஆற்றைப் பார்க்கிறார்கள். அப்படியானால் ஒரு கை 'தீலபேத்', மற்றது 'கசுபேத்'. ஆனால் இங்கேதான் உங்களுக்கு ஒரு புதையல் காத்திருக்கிறது. ஆறு போகும் பக்கம் முகம் வைத்து நின்று இடக்கரை, வலக்கரை என்று பெயரிடுவது நிலவியலாரின் வழக்கம், அதன்படி சொல்கிறேன். இடக்கரையில் வாழ்பவர் ஆற்றைப் பார்த்து நின்றால் ஆறு வரும் பக்கம் அவருக்கு வலக்கையில் இருக்கும். வலக்கரையில் வாழ்பவருக்கோ அதே பக்கம் இடக்கையில் இருக்கும். ஒரு தாளில் ஆற்றை வரைந்து பாருங்கள்.

ஆற்றுமொழியன்

வரைந்து பார்த்தேன், திகைத்துப் போனேன். அப்படியானால் ஒரே 'தீலபேத்' ஒரு கரையில் வலக்கையையும் மறு கரையில் இடக்கையையும் குறிக்கும். ஒரே மொழி பேசும் இரண்டு ஊரார் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியாமல் போவார்களே. இது குறையா, நிறையா என்று எனக்குத் தெரியவில்லை. இன்னொன்றும் தெளிவாக வேண்டும்: அவர் முதுகை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டால் கையின் பெயர் மாறுமா?

திசைகாட்டி

இரண்டில் எதையும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். பெயர் மாறினால் உங்களுடையது கூகு யிமிதிரைப் போன்ற மொழி. மாறாமல் வாயிலில் நின்ற நிலையிலேயே உறைந்துவிட்டால், அது திசையிலிருந்து பிறந்து உறுப்புப்பெயராகிவிட்ட சொல். உங்கள் ஒலித் தேய்வு விதியைப் பார்த்தால் இரண்டாவதுதான் பொருத்தம் என்பேன். சொல் தேயத் தேய அதற்குள் இருக்கும் ஆறு பேசுபவரின் கண்ணிலிருந்து மறைந்துவிடும். இரு கரைக்கும் பொருள் மாறுவதைக் குறை என்று எண்ண வேண்டாம். கதையில் இடம் இருந்தால், ஒரு கரையில் பிறந்து மறு கரையில் குடியேறியவர் எந்தக் கையை எப்படி அழைப்பார் என்று யோசியுங்கள்.

ஒலியன் (மறுமொழி)

நண்பர்கள் இருவரும் பொருளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். காதைப் பற்றி யாரும் பேசவில்லை. இந்த இரண்டு சொற்களும் பெரும்பாலும் அவசரத்தில் கத்திச் சொல்லப்படுபவை. காற்றும் நீரும் இரையும்போது பாதிதான் காதில் விழும். ஆகவே அவற்றின் ஒலிகள் தொலைவில் இருக்க வேண்டும்.

இதைக் கடலோடிகள் பட்டறிந்திருக்கிறார்கள். ஆங்கிலக் கப்பல்களில் வலப்பக்கம் 'ஸ்டார்போர்டு' எனப்பட்டது. திசைதிருப்பும் துடுப்பு பழங்காலப் படகுகளில் அந்தப் பக்கத்தில் இருந்ததால் வந்த பெயர் அது. இடப்பக்கம் 'லார்போர்டு'. புயலில் இரண்டும் ஒன்றுபோலக் கேட்டதால், 1844-இல் பிரித்தானியக் கடற்படை 'லார்போர்டு' என்பதை ஒதுக்கிவிட்டு 'போர்ட்' என்று சொல்லுமாறு ஆணையிட்டது. 'மல்தெக்ஸ்த்ரா'வும் இதே நோயுடையதுதான்: முன்னொட்டு காதில் விழாவிட்டால் நேர் எதிர்ப்பொருள் கிடைக்கும். பிற்காலத்தில் சிலர் 'லீவா' என்று ஒரு குறுஞ்சொல்லை இடத்துக்குப் பயன்படுத்திப் பார்த்ததில் வியப்பில்லை.

'தீலபேத்', 'கசுபேத்' என்பனவும் வாலில் ஒன்றாக இருக்கின்றன. ஆனால் உங்கள் விதியே உங்களைக் காப்பாற்றுகிறது. முதற்சொல்லில் நெடில் முதலசையில் இருப்பதால் அழுத்தம் அங்கே விழுந்து வால் தேயும்: 'தீலப்'. இரண்டாவதில் முதல் நெடில் 'பே' என்பதால் தலை தேயும்: 'சுபேத்'. 'தீலப்', 'சுபேத்' என்ற இரண்டையும் யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். இரண்டிலும் ஒரே 'பேத்' ஒளிந்திருப்பதை அகராதிக்காரர் மட்டுமே கண்டுபிடிப்பார்.

வேர்ச்சொல் அவர்களின் யோசனையை அப்படியே விதியாக எடுத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அறியப்பட்ட மனிதக் கூட்டங்களில் எல்லாம் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் வலக்கைப் பழக்கமுடையவர்கள் என்பது உண்மை. அதனால் வலத்துக்கு வலிமைப் பொருள் எளிதில் வந்து சேர்கிறது. ஆனால் மதிப்பு எப்போதும் அதன் பின்னாலேயே போவதில்லை. பழைய ஜப்பானிய அரசவையில் இடப்பக்க அமைச்சர் வலப்பக்க அமைச்சரைவிட உயர்ந்தவர். 'ஸ்டார் டிரெக்' படங்களுக்காக மார்க் ஓக்ராண்டு உருவாக்கிய கிளிங்கன் மொழியிலோ இடப்பக்கத்துக்கான சொல்லுக்குத் 'திறந்திருத்தல்' என்றும், வலப்பக்கத்துக்கான சொல்லுக்குத் 'திருடுதல்' என்றும் வேறு பொருள்கள் உண்டு. திட்டமிட்டோ தற்செயலாகவோ, அங்கே கெட்ட பெயர் வலத்துக்குப் போய்விட்டது.

கடைசியாக ஒரு சிறு வேண்டுகோள். உங்கள் சொற்பட்டியலில் 'தீலப்' என்பதற்கு எதிரே 'வலக்கை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். லோஜ்பான் என்னும் புனைமொழியில் இடப்பக்கத்தைக் குறிக்கும் 'ஸுன்லே' என்னும் சொல்லுக்கு மூன்று வெற்றிடங்கள் உண்டு: எது, எதற்கு இடப்பக்கம், எதை நோக்கிய நிலையில். அந்த மூன்றாவது வெற்றிடத்தை நாம் பேச்சில் விழுங்கிவிடுகிறோம், பட்டியலில் விழுங்கக்கூடாது.

வேர்ச்சொல்

ஒலியன் அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நான் விதியாகச் சொல்லவில்லை, ஆனால் விதிபோல ஒலித்துவிட்டது. இரு கரைக்கும் பொருள் மாறும் ஒரு சொல்லை என் பழைய 'நட்புக்கை'க்கு மாற்றாக மகிழ்ச்சியோடு ஏற்பேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: நடு ஆற்றில் படகு ஓட்டுபவர்கள் எந்தக் கரையைச் சேர்ந்தவர்கள்?

ஆற்றுமொழியன்

மூவருக்கும் நன்றி. வேர்ச்சொல் அவர்களின் கடைசிக் கேள்வியால் நேற்று இரவு உறக்கம் போயிற்று. ஆனால் விடை கிடைத்தது. படகோட்டிகளுக்குக் கரை கிடையாது. இரு கரையாரும் ஒரே படகில் வேலை செய்கிறார்கள். அங்கே 'தீலப்' என்று கத்தினால் பாதிப்பேர் தவறான கையை நீட்டுவார்கள். ஆகவே படகில் மட்டும் கைகளுக்கு வேலைப்பெயர்கள் வழங்கும்: கழியை மேலே பற்றும் கை, கழியைக் கீழே பற்றும் கை. இடக்கைப் பழக்கமுடையவருக்கு இவை தாமாகவே மாறிக்கொள்ளும். அதைப்பற்றி அங்கே எவரும் கவலைப்படுவதில்லை. வழக்கிழந்த 'சரே', 'தில்' இரண்டையும் தூக்கிப்போட மனம் வரவில்லை. கழியை மேலே பற்றும் கை 'சரே', கீழே பற்றும் கை 'தில்' என்று படகுக்கே கொடுத்துவிட்டேன். கரையில் இருப்பவர்கள் அவற்றைப் படகுப்பேச்சு என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

சொற்பட்டியலில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன். 'தீலப்': இடக்கரையாருக்கு வலக்கை, வலக்கரையாருக்கு இடக்கை, தன் வீட்டு வாயிலில் ஆற்றை நோக்கி நின்றபோது ஆறு வரும் பக்கம் இருந்த கை, உடல் திரும்பினாலும் பெயர் மாறாது. 'சுபேத்': மற்றக் கை. கரை மாறிக் குடியேறியவர் பிறந்த கரையின் வழக்கையே தன் கைகளுக்கு வைத்துக்கொள்வார். புதுக்கரையில் பிறக்கும் அவருடைய பிள்ளைகளின் கைகளுக்கோ புதுக்கரையின் வழக்கு. ஆகவே தாயின் தீலப்பும் மகளின் தீலப்பும் வெவ்வேறு பக்கத்துக் கைகள். இருவரும் ஒருவர் பக்கத்தில் ஒருவராக, ஒரே திசையைப் பார்த்துத் தீலப்பைக் கோத்துக்கொண்டு நடக்க முடியும்.

நான் தொடங்கிய வாக்கியம் இப்போது இப்படி ஆகிவிட்டது: "தில்லை இறக்கு, படகைத் தீலவுக்குத் திருப்பு."